எரிக்கக் காத்திருந்த குவியலில் ராமானுஜன் கையெழுத்து: ஒரு பேராசிரியரின் தரவு எங்கே இருக்க வேண்டும்?

ராமானுஜன் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது கும்பகோணம், கேம்பிரிட்ஜ், 1729 என்ற டாக்சி எண், 32 வயதில் மரணம். சினிமாவும் வந்துவிட்டது. இங்கே அதே வாழ்க்கையை இன்னொரு பக்கத்திலிருந்து பார்க்கப் போகிறோம். அவர் எழுதிய தாள்கள் எங்கெங்கே போயின? யார் வீட்டில் கிடந்தன? எது தப்பியது, எது தொலைந்தது?

இதை இப்போது ஏன் பேச வேண்டும்? இன்று ஏதாவது ஒரு பல்கலைக்கழகத்துக்குப் போய், ஓர் உதவிப் பேராசிரியரிடம் அவருடைய ஆய்வுத் தரவு எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் லேப்டாப்பைக் காட்டுவார். கூடவே மேஜை டிராயரில் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் இருக்கும். பல்கலைக்கழகம் கொடுத்த நெட்வொர்க் டிரைவ் ஒன்று இருக்கும், அதன் பாஸ்வேர்டு மறந்துபோயிருக்கும். 100 வருடத்துக்கு முன்னால் காகிதத்தில் நடந்ததும் ஏறக்குறைய இதேதான். ராமானுஜன் தாள்களின் கதை முழுக்கத் தெரிந்த கதை என்பதால், எங்கே தவறு நடந்தது, எங்கே சரியாகச் செய்தார்கள் என்று நம்மால் படிப்படியாகப் பார்க்க முடிகிறது.

சிலேட்டும் முழங்கையும்

ராமானுஜன் பிறந்தது 1887 டிசம்பர் 22, ஈரோட்டில், அம்மா வழிப் பாட்டி வீட்டில். வளர்ந்தது கும்பகோணத்தில், சாரங்கபாணி சன்னதித் தெருவில். அப்பா சீனிவாச ஐயங்கார் ஒரு துணிக்கடையில் கணக்கர். அம்மா கோமளத்தம்மாள். டவுன் ஹைஸ்கூலில் படிக்கும்போது, 1903ல், கார் என்பவர் தொகுத்த ஒரு கணிதப் புத்தகம் அவர் கைக்கு வந்தது. சுமார் 5,000 சூத்திரங்கள், நிரூபணம் என்று பார்த்தால் ஒன்றிரண்டு வரிக் குறிப்பு, பல இடங்களில் அதுவும் இல்லை. பரீட்சைக்குப் படிக்கும் பையன்களுக்கான தொகுப்பு அது. இவருக்கு வாழ்க்கையே அதுவாகிவிட்டது.

1904ல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார். கணிதம் தவிர வேறெதையும் திரும்பிப் பார்க்காததால் அந்த உதவித்தொகை போனது. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரி. 1907ல் எஃப்.ஏ. தேர்விலும் தோல்வி. பட்டம் இல்லை, வேலை இல்லை. ஆனால் நோட்டுப் புத்தகங்கள் மட்டும் நிரம்பிக்கொண்டே வந்தன.

அவர் எப்படி வேலை செய்தார் என்பது நம் விஷயத்துக்கு முக்கியம். காகிதம் விலை அதிகம். அதனால் கணக்கு போடுவதெல்லாம் சிலேட்டில். ஒரு பக்கம் நிரம்பியதும் துணியைத் தேடாமல் முழங்கையாலேயே அழித்துவிட்டு அடுத்த வரிக்குப் போவார். விடை வந்த பிறகு அந்த விடையை மட்டும் நோட்டில் ஏற்றுவார். வழிமுறை சிலேட்டோடு போய்விடும்.

இன்றைய பாஷையில் சொன்னால், இறுதி முடிவு மட்டும் சேவ் ஆனது, அதற்குப் போன பாதை சேவ் ஆகவில்லை. அவரிடமிருந்து நமக்குக் கிடைத்த 3 நோட்டுப் புத்தகங்களில் 3,000க்கும் மேற்பட்ட முடிவுகள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றுக்கு நிரூபணம் கிடையாது. அமெரிக்கக் கணிதவியலர் புரூஸ் பெர்ன்ட் 1970களின் நடுவில் ஒவ்வொன்றாக நிரூபிக்க உட்கார்ந்தார். அவருடைய 5 தொகுதிகளில் கடைசித் தொகுதி வந்தது 1998ல். வறுமையில் இருந்த ஓர் இளைஞர் காகிதம் மிச்சம் பிடித்ததற்கு, இன்னொரு மனிதர் 20 வருடத்துக்கு மேல் உழைக்க வேண்டியிருந்தது. ராமானுஜனைக் குறை சொல்ல இதில் எதுவும் இல்லை. ஆனால் டெராபைட் கணக்கில் இடம் வைத்துக்கொண்டு, கட்டுரையின் இறுதி பிடிஎஃப் கோப்பை மட்டும் பத்திரமாக வைத்து, மூலத் தரவையும் கணக்கிட்ட புரோகிராமையும் பழைய லேப்டாப்போடு தூக்கிப் போடுகிற ஆய்வாளரை என்னவென்று சொல்வது?

இரண்டாவது நோட்டுப் புத்தகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. முதல் நோட்டில் இருந்ததைத் திருத்தி, விரித்து, அத்தியாயம் பிரித்து அவரே மறுபடி எழுதியதுதான் அது. புதுப் பதிப்பு வந்ததும் பழையதைத் தூக்கிப் போடவில்லை. இரண்டும் இருக்கின்றன. இன்று ஆய்வாளர்கள் இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்து ஒப்பிட்டு, அவருடைய யோசனை எப்படி மாறியது என்று பார்க்கிறார்கள். வெர்ஷன் ஹிஸ்டரி என்று நாம் சொல்வது இதைத்தான்.

நான் இல்லாமல் போனால் யாரிடம் கொடுப்பது?

1909 ஜூலையில் ஜானகியோடு திருமணம். ஏறக்குறைய அந்தக் காலத்தில் அவர் உடல்நலம் மோசமாகி, பழைய நண்பர் ராதாகிருஷ்ண ஐயரைப் பார்க்கப் போனார். பிழைப்போமா என்ற சந்தேகம் அவருக்கே இருந்தது. நோட்டுப் புத்தகங்களை நண்பர் கையில் கொடுத்து, தனக்கு ஏதாவது ஆகிவிட்டால் இவற்றைப் பச்சையப்பன் கல்லூரிப் பேராசிரியர் சிங்காரவேலு முதலியாரிடமோ, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் ராஸ் என்ற பேராசிரியரிடமோ சேர்த்துவிடச் சொன்னார். இரண்டு பெயர். ஒருவர் கிடைக்காவிட்டால் இன்னொருவர். பிறகு உடம்பு தேறியது, நோட்டுகளைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

வாழ்க்கை வரலாறுகளில் இந்தச் சம்பவம் ஒரு சோகக் காட்சியாக வந்துபோகும். எனக்கு இதில் ஓர் ஒழுங்கு தெரிகிறது. வேலையில்லாத 22 வயது இளைஞர், தன் தரவுக்கு ஒரு வாரிசை நியமித்திருக்கிறார், அதுவும் படித்தால் புரிந்துகொள்ளக்கூடிய ஆளாகப் பார்த்து. சம்பளம் வாங்கும் எத்தனை பேராசிரியர்கள் இதைச் செய்து வைத்திருப்பார்கள்?

அடுத்த சில வருடங்கள் வேகமாக நகர்ந்தன. திருக்கோவிலூரில் இந்தியக் கணிதச் சங்கத்தை நிறுவிய ராமசாமி ஐயரைச் சந்தித்தது, நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவின் உதவி, 1911ல் முதல் கட்டுரை, 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா வேலை. 1913 ஜனவரி 16 அன்று கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு ஒரு கடிதம், அதில் பக்கம் பக்கமாகச் சூத்திரங்கள். அந்தக் கடிதம் எல்லாவற்றையும் மாற்றியது.

அந்த வருடமே சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை கொடுத்தது. நிபந்தனை ஒன்றுதான்: 3 மாதத்துக்கு ஒரு முறை ஆய்வறிக்கை தர வேண்டும். கப்பல் ஏறும் முன் 3 அறிக்கைகள் கொடுத்தார். இன்று கணிதத்தில் ராமானுஜனின் தலைமைத் தேற்றம் என்று பெயர் பெற்றிருக்கும் முடிவு அந்த அறிக்கைகளில்தான் இருக்கிறது.

அந்த அறிக்கைகளின் அசல் இன்று இல்லை. பல்கலைக்கழகத்தில் கொடுத்த, ரிஜிஸ்டர்களும் பீரோக்களும் உள்ள ஓர் இடத்தில் இருந்த தாள்கள் காணாமல் போய்விட்டன. நாம் இன்று அவற்றைப் படிக்க முடிவதற்குக் காரணம், 1925ல் யாரோ பொறுமையாக உட்கார்ந்து கையால் எடுத்த ஒரு நகல். ஆபீஸில் கொடுத்தாச்சு, இனி பத்திரம் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று போகலாம். சர்வர் என்றாலும் அதுவும் ஓர் இடம்தான். ஒரே ஓர் இடம் என்றால் அங்கேயும் தொலையும்.

படுக்கையிலிருந்து வந்த தாள்கள்

1914 மார்ச் 17, சென்னையிலிருந்து நெவாசா கப்பல். கேம்பிரிட்ஜில் டிரினிட்டி கல்லூரி. முதல் உலகப் போர், குளிர், சைவச் சாப்பாட்டுக்குத் திண்டாட்டம். 1916ல் ஆய்வு மூலம் பட்டம். 1917லிருந்து நோய். 1918ல் ராயல் சொசைட்டி உறுப்பினர், அதே வருடம் டிரினிட்டி கல்லூரியின் ஃபெல்லோ. 1919ல் உடம்பு மிகவும் மெலிந்து ஊர் திரும்பினார். காசநோய் என்று அப்போது சொன்னார்கள், பிற்காலத்தில் ஈரலில் வந்த அமீபா நோயாக இருக்கலாம் என்று ஒரு மருத்துவ ஆய்வு வாதிட்டது.

சென்னை, கொடுமுடி, கும்பகோணம், மறுபடி சென்னை சேத்துப்பட்டு என்று அந்தக் கடைசி வருடம் போனது. வலியோடு படுத்திருந்தபடியே எழுதினார். எழுதிய தாள்களைச் சேர்த்து வைத்தது ஜானகி. 1920 ஜனவரி 12 அன்று ஹார்டிக்குக் கடைசிக் கடிதம். அதில், மாக் தீட்டா சார்புகள் என்று அவரே பெயர் வைத்த புதுவகைச் சார்புகளைப் பற்றிச் சொல்லியிருந்தார். 1920 ஏப்ரல் 26, மரணம். ஜானகிக்கு அப்போது 21 வயது.

இனி வருவது அவர் இறந்த பிறகு அவர் தாள்கள் வாழ்ந்த வாழ்க்கை.

கணவர் விட்டுப்போன தாள்கள் ஜானகியிடமிருந்து சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் போயின. 1923 ஆகஸ்ட் 30 அன்று பல்கலைக்கழகப் பதிவாளர் டியூஸ்பரி ஒரு கட்டு காகிதங்களை இங்கிலாந்தில் இருந்த ஹார்டிக்கு அனுப்பினார். நோக்கம் நல்லதுதான். அங்கேதான் புரிந்துகொள்ளக்கூடியவர் இருந்தார். ராமானுஜன் தன் கடைசி வருடத்தில் எழுதிய தாள்கள் அந்தக் கட்டில்தான் போயிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். போனது நகல் இல்லை, அவர் கைப்பட எழுதிய அசல்.

ஒரு நூலகர் செய்த காரியம்

3 நோட்டுப் புத்தகங்களின் விதி வேறு மாதிரி அமைந்தது. அதற்குக் காரணம், சீர்காழியில் பிறந்த ஒரு கணித ஆசிரியர். எஸ்.ஆர். ரங்கநாதன். ஆமாம், நூலகவியலின் 5 விதிகளை எழுதிய அதே ரங்கநாதன். 1924ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்று, பயிற்சிக்காக இங்கிலாந்து போயிருந்தார். ராமானுஜனின் முதல் நோட்டுப் புத்தகம் ஹார்டியிடம் இருந்தது. 1925ல் ஹார்டி அதை ரங்கநாதனிடம் ஒப்படைத்தார். ரங்கநாதன் என்ன செய்தார் தெரியுமா? 3 நோட்டுகளையும் கையால் நகலெடுக்கச் சொல்லி, அந்த நகலை ஹார்டிக்கு அனுப்பிவைத்தார்.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். அசல் சென்னையில் ஒரு பொது நிறுவனத்தின் நூலகத்தில். முழு நகல் வேறொரு நாட்டில், அதைப் பயன்படுத்தக்கூடியவர் கையில். சென்னையில் தீயோ வெள்ளமோ வந்தாலும் எழுத்து பிழைக்கும். கேம்பிரிட்ஜில் ஏதாவது நடந்தாலும் பிழைக்கும். பேக்கப் என்ற சொல்லே இந்த அர்த்தத்தில் இல்லாத காலத்தில் நடந்தது இது.

சென்னைப் பல்கலைக்கழகம் அதோடு நிற்கவில்லை. 1949ல் நோட்டுகளை போட்டோஸ்டாட் முறையில் 3 பிரதி எடுத்தார்கள். 1957ல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், ராமானுஜன் கையெழுத்து அப்படியே தெரியும்படி 2 தொகுதிகளாக அச்சிட்டது. இனி அந்த நோட்டுகளைத் தொலைக்க வேண்டும் என்று யாராவது முயற்சி செய்தாலும் முடியாது.

வாட்சனின் அறை

இனி மற்ற கட்டுக்கு வருவோம். நகல் எடுக்காமல் கப்பல் ஏறிய கட்டு.

ஹார்டி தன்னிடம் இருந்த ராமானுஜன் தாள்களை ஒரு கட்டத்தில் பர்மிங்காம் பல்கலைக்கழகப் பேராசிரியர் வாட்சனிடம் கொடுத்தார். வாட்சனும் வில்சன் என்ற இன்னொரு கணிதவியலரும் 1929லிருந்து நோட்டுப் புத்தகங்களைப் பதிப்பிக்க வேலை செய்துவந்தார்கள். வில்சன் 1935ல் இளம் வயதிலேயே இறந்துபோனார். வாட்சனின் ஆர்வமும் சில வருடங்களில் குறைந்தது. அவர் சாதாரண ஆள் இல்லை. மாக் தீட்டா சார்புகளைப் பற்றி முதலில் தீவிரமாக எழுதியவரே அவர்தான். ஆனால் தன் கையில் இருந்த அந்தக் கடைசி வருடத் தாள்களைப் பற்றி அச்சில் ஒரு வார்த்தை எழுதவில்லை. 1947ல் ஹார்டி இறந்தார். 1951ல் வாட்சன் ஓய்வு பெற்றார். தாள்கள் வீட்டில்.

1965ல் வாட்சனும் இறந்தார். இரங்கல் குறிப்பு எழுதும் பொறுப்பில் விட்டேக்கர் என்ற கணிதவியலர், வாட்சனின் மனைவியைப் பார்க்க அவர் வீட்டுக்குப் போனார். படிப்பறையைக் காட்டினார்கள். தரை தெரியவில்லை. சுமார் ஒரு அடி உயரத்துக்குக் காகிதம், எது எது என்று தெரியாமல் கலந்து கிடந்தது. இன்னும் சில நாளில் எல்லாவற்றையும் எரித்துவிடுவதாக ஏற்பாடு. முழுக்கப் பிரித்துப் பார்க்க நேரம் இல்லை. குவியலில் அங்கங்கே கைவிட்டு எடுத்துப் பார்த்தார். அப்படி எடுத்ததில் வந்ததுதான் ராமானுஜன் கையெழுத்து. கை ஒரு சாண் தள்ளிப் போயிருந்தால் அவ்வளவுதான்.

வாட்சனின் மனைவியைக் குறை சொல்ல முடியாது. ஓய்வு பெற்ற கணவரின் அறையில் மலைபோல் காகிதம். எதன் மேலும் பெயர் இல்லை, குறிப்பு இல்லை. கல்லூரியிலிருந்து யாரும் பட்டியல் எடுக்க வரவில்லை. அவர் என்ன செய்வார்?

விட்டேக்கர் அந்தத் தாள்களை கிளாஸ்கோவில் இருந்த ராங்கின் என்ற பேராசிரியருக்கு அனுப்பினார். ராங்கின் 1968 டிசம்பர் 26 அன்று அவற்றை டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் சேர்த்தார். பத்திரமாகிவிட்டது, இல்லையா? ஆனா கதை முடியவில்லை. இப்படி ஒரு கையெழுத்துப் பிரதி இருக்கிறது என்று கணித உலகத்துக்கு யாரும் அறிவிக்கவில்லை. நூலகத்தின் ஒரு பெட்டியில் அது சும்மா இருந்தது.

1976 வசந்த காலம். ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கர் ஐரோப்பாவில் ஒரு மாநாட்டுக்கு வந்தார். ஒரு வாரத்தில் திரும்புவதைவிட 3 வாரம் தங்கித் திரும்பினால் விமான டிக்கெட் மலிவு. மிச்ச நாளை என்ன செய்வது என்று கேம்பிரிட்ஜ் போய் வாட்சன் தாள்களைப் புரட்டினார். 100 பக்கத்துக்கு மேல், நிரூபணம் இல்லாமல் சுமார் 600 சூத்திரங்கள். ஆண்ட்ரூஸ் முனைவர் பட்டம் வாங்கியதே மாக் தீட்டா சார்புகளில்தான். அதனால் பார்த்த உடனே புரிந்தது. வேறு யாராவது அந்தப் பெட்டியைத் திறந்திருந்தால் பழைய கணக்கு என்று மூடி வைத்திருக்கலாம்.

தொலைந்த நோட்டுப் புத்தகம் என்ற பெயர் அப்படித்தான் வந்தது. உண்மையில் அது நோட்டுப் புத்தகமும் இல்லை, தனித்தனித் தாள்கள். தொலையவும் இல்லை, 7 வருடத்துக்கு மேல் உலகின் நல்ல நூலகங்களில் ஒன்றில் இருந்தது. ஆனால் தேடினால் கிடைக்காத கோப்பு, இல்லாத கோப்புக்குச் சமம். உங்கள் டெஸ்க்டாப்பில் இருக்கும் புதிய ஃபோல்டர் 7 என்பதைத் திறந்து பார்த்தால் நான் சொல்வது புரியும்.

காகிதத்துக்குப் பதில் சர்வர் என்றால்?

இதையெல்லாம் இன்றைய பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுவந்தால், தொழில்நுட்ப ஆட்கள் 3-2-1 என்று ஒரு கணக்கு சொல்வார்கள். தரவுக்கு 3 பிரதி, 2 வேறு வகைச் சேமிப்பில், அதில் 1 வேறு ஊரில் அல்லது வேறு கட்டடத்தில். வேலை செய்யும் பிரதி லேப்டாப்பில் இருக்கட்டும். இரண்டாவது, பல்கலைக்கழகத்தின் நெட்வொர்க் சேமிப்பகத்தில். மூன்றாவது, அந்தச் சேமிப்பகத்திலிருந்து தானாகவே தொலைவில் உள்ள இன்னொரு மையத்துக்கோ கிளவுடுக்கோ டேப்புக்கோ போக வேண்டும். ரங்கநாதன் செய்தது இதற்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது.

இதில் பலர் சறுக்கும் இடம், சிங்க் என்பதையும் பேக்கப் என்பதையும் ஒன்றாக நினைப்பது. கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் மாதிரி சேவைகளில் ஃபோல்டரை சிங்க் செய்து வைத்தால், லேப்டாப்பில் நீங்கள் ஒரு கோப்பை அழித்த உடனே அங்கேயும் அழியும். குப்பைத் தொட்டியில் குறிப்பிட்ட நாள் இருக்கும், பிறகு அதுவும் போகும். லேப்டாப்பில் ரேன்சம்வேர் புகுந்து கோப்புகளைப் பூட்டினால், பூட்டிய கோப்புதான் மேலே ஏறும். இரண்டு டிஸ்க்கில் ஒரே நேரத்தில் எழுதும் ரெய்டு அமைப்பும் அப்படித்தான். ஒரு டிஸ்க் பழுதானால் காப்பாற்றும். நீங்களே தப்பாக அழித்தால் இரண்டிலும் சேர்ந்து அழிக்கும். பேக்கப் என்றால் நேற்று இருந்த நிலை, போன மாதம் இருந்த நிலை தனித்தனியாக இருக்க வேண்டும். அதில் ஒரு பிரதியாவது நெட்வொர்க்கிலிருந்து துண்டித்து அல்லது யாரும் மாற்ற முடியாதபடி பூட்டி இருக்க வேண்டும்.

பல்கலைக்கழக சர்வரில் இருந்தால் மட்டும் போதுமா? 2021 டிசம்பரில் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழக சூப்பர் கம்ப்யூட்டர் சேமிப்பகத்திலிருந்து சுமார் 77 டெராபைட் தரவு அழிந்தது. 3.4 கோடி கோப்புகள், 14 ஆய்வுக் குழுக்கள். அழித்தது ஹேக்கர் இல்லை, பேக்கப் புரோகிராமேதான். பழைய லாக் கோப்புகளை நீக்கும் ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருந்தபோதே அதன் மேல் புதிய வடிவத்தை ஏற்றியதில், அது லாகுக்குப் பதிலாக ஆய்வுக் கோப்புகளை நீக்கிவிட்டது. 4 குழுக்களின் தரவை மீட்க முடியவில்லை. சென்னையில் காணாமல்போன அந்த 3 அறிக்கைகள் மாதிரிதான். ஆகவே உங்கள் துறையில் பேக்கப் இருக்கிறதா என்று கேட்பதோடு நிற்காதீர்கள். கடைசியாக எப்போது அதிலிருந்து ஒரு கோப்பைத் திரும்ப எடுத்துப் பார்த்தார்கள் என்றும் கேளுங்கள். இந்தக் கேள்விக்குப் பல இடங்களில் மௌனம்தான் பதிலாக வரும்.

பாதுகாப்பு என்று வரும்போது பேராசிரியர்களுக்கு இன்னொரு கஷ்டம் உண்டு. நோயாளிகளின் விவரம், மாணவர் மதிப்பெண், நேர்காணல் ஒலிப்பதிவு இதையெல்லாம் எல்லோரும் பார்க்கும்படி வைக்க முடியாது. யார் படிக்கலாம், யார் திருத்தலாம் என்று அனுமதி பிரிக்க வேண்டும். தரவைக் குறியாக்கம் செய்ய வேண்டும். வீட்டிலிருந்து வருபவர் விபிஎன் வழியாக, இரண்டடுக்கு சரிபார்ப்போடு வர வேண்டும். சரி. ஆனால் அந்தக் குறியாக்கத்தின் சாவி பேராசிரியர் ஒருவருக்கு மட்டுமே தெரியும் என்றால், அது மறுபடியும் வாட்சனின் அறைதான். பூட்டு மட்டும் புதுசு. ஓய்வு பெறும் நாளில் மின்னஞ்சல் கணக்கை மூடுவதற்கு எல்லாப் பல்கலைக்கழகமும் நாள் குறித்து வைத்திருக்கும். அந்தக் கணக்கில் இருக்கும் ஆய்வுத் தரவு யார் பெயருக்கு மாறும் என்பதையும் அதே படிவத்தில் ஒரு வரியாகக் கேட்டால் என்ன? நோயில் படுத்திருந்த 22 வயது ராமானுஜன் இரண்டு பெயர் சொன்னார்.

செலவு என்று நிர்வாகம் சொல்லும். டெராபைட்டுக்கு ஆகும் செலவு உண்மைதான், அதை மறுக்கவில்லை. ஆனால் இங்கே பணத்தைவிடப் பழக்கம்தான் பெரிய தடை என்று எனக்குத் தோன்றுகிறது. நெட்வொர்க் டிரைவ் மெதுவாக இருக்கும், வளாகத்துக்கு வெளியே திறக்காது, இடம் நிரம்பிவிட்டது என்று மெயில் வரும். அலுத்துப்போய் ஆய்வாளர் பென் டிரைவுக்குப் போய்விடுகிறார். பயன்படுத்தக் கஷ்டமான பாதுகாப்பை யாரும் பயன்படுத்துவதில்லை. ரங்கநாதனின் நகல் வேலை செய்ததற்கு ஒரு காரணம், அது பூட்டிய பெட்டியில் போகாமல் ஹார்டியின் மேஜைக்குப் போனது.

இப்போது அந்தத் தாள்கள்

ஆண்ட்ரூஸ் கண்டெடுத்த தாள்கள் 1988ல் நரோசா பதிப்பகம் வழியாகக் கையெழுத்துப் பிரதியாகவே அச்சில் வந்தன. ஆண்ட்ரூஸும் பெர்ன்டும் சேர்ந்து அவற்றுக்கு விளக்கம் எழுதி முடித்த 5 தொகுதிகளில் முதலாவது 2005ல், கடைசி 2018ல் வெளிவந்தது. மாக் தீட்டா சார்புகள் உண்மையில் என்ன என்பதை 2002ல் நெதர்லாந்தில் ஸ்வெகர்ஸ் என்ற ஆய்வு மாணவர் தன் முனைவர் பட்ட ஆய்வில் விளக்கினார். கருந்துளை பற்றிய இயற்பியல் கணக்குகளில்கூட அவை இன்று பயன்படுகின்றன.

சென்னையில் இருக்கும் நோட்டுப் புத்தகங்களை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் டிஜிட்டல் படங்களாக எடுத்தது. 1957 பதிப்பில் மங்கலாக இருந்ததெல்லாம் தெளிவாகத் தெரியும்படி டாடா நிறுவனம் அதிலிருந்து புதிய பதிப்பை வெளியிட்டது. ஜானகி திருவல்லிக்கேணியில் வாழ்ந்து 1994ல் காலமானார். தான் சேர்த்து வைத்த தாள்கள் திரும்பக் கிடைத்ததை அவர் கேட்டறிய முடிந்தது.

எல்லாம் கிடைத்துவிடவில்லை. 1913 ஜனவரியில் ஹார்டிக்கு வந்த முதல் கடிதத்தை அவர் சக பேராசிரியர்களிடம் காட்டினார், அது கை மாறிப் பலர் பார்த்தார்கள். கணித வரலாற்றில் அதைவிடப் பிரபலமான கடிதம் கிடையாது. அதில் குறைந்தது ஒரு பக்கம் இன்று வரை கிடைக்கவில்லை.